தாய்ப்பன்றியைத் தாண்டிய பதினான்கு படகுகள்

கஸ்பர் ஹென்ரிக்சன் தன் இருபத்தெட்டு வருடத் தொழிலில் ஒரு கப்பலைக்கூடக் கல்லில் ஏற்றியதில்லை. இதை அவனே சொல்லிக்கொள்வான். கேட்டவர்களிடம் சொல்வான், கேட்காதவர்களிடம் இன்னும் விரிவாகச் சொல்வான். லில்லோ தீவில் அப்போது ஏழே வீடுகள். ஏழு வீட்டுக்காரர்களுக்கும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இருந்தும் ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை. அவன் சொன்னது உண்மை.

ஓபோ துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் எங்கள் தீவுக் கூட்டத்துக்குள் நுழையும்போது, வழிகாட்டியாக உள்ளூர்க்காரன் ஒருவன் ஏறியே ஆகவேண்டும். எண்ணி முடியாத தீவுகள். அவற்றைவிட அதிகமாகக் கற்கள், பாதி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே. கீழே கிடப்பவற்றுக்கும் பேர் உண்டு. லில்லோவுக்குப் பின்பக்கம் ஓடும் குறுகிய கால்வாயில் குறுக்கே படுத்துக் கிடக்கும் நீளப் பாறைக்குத் தாய்ப்பன்றி என்று பேர். அதை ஒட்டி நுரை தள்ளிக்கொண்டு நிற்கும் சிறு கற்கள் அதன் குட்டிகள். சாதாரண நாளில் தாய்ப்பன்றியின் முதுகுக்கு மேல் மூன்றடித் தண்ணீர் நிற்கும். வலை போடும் சின்னப் படகு போகலாம், அதைவிடப் பெரியது எதுவும் போகக் கூடாது.

எங்கள் கடலில் ஓதம் கிடையாது. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். தென்மேற்குக் காற்று நாள்கணக்கில் அடித்தால் இரண்டடிகூட ஏறிவிடும். கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டால் படகுத்துறையே வற்றிச் சேறு நாறும். அதனால் கஸ்பர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் துறைக்குப் போய், கரையோரக் கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பான். அதற்கப்புறம்தான் முகம் கழுவுவது, கஞ்சி குடிப்பது எல்லாம்.

"பொண்டாட்டி மொகத்துல முழிக்கிறதுக்கு முன்னாடி கல்லு மொகத்துல முழிக்கிற ஒரே ஆம்பள எங்க வீட்டுக்காரருதான்" என்பாள் அவன் மனைவி லோவிசா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வீட்டுக்கு அது தேவையாகவும் இருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லோவிசாவின் தம்பி யோனாஸ்தான் அந்த வீட்டுப் பிள்ளை. தாய் செத்தபோது அவனுக்கு இரண்டு வயது. லோவிசா கல்யாணமாகி லில்லோவுக்கு வந்தபோது பெட்டியை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டுதான் படகிலிருந்து இறங்கினாள். போர் வந்த ஆயிரத்து எண்ணூற்றெட்டாம் வருடம் யோனாஸுக்கு இருபத்தாறு வயது. பனிக்காலம் முடிவதற்குள் ரஷ்யப் படை ஓபோவைப் பிடித்துவிட்டது. பனி உருகியதும், ஸ்வீடன் அரசரின் பீரங்கிப் படகுகளுக்குத் துடுப்புப் போட ஆள் எடுத்தார்கள். யோனாஸ் பேர் கொடுத்துவிட்டு வந்தான்.

கிளம்புகிற அன்று மூன்று பேரும் உப்பு மீனும் கருப்பு ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"மச்சான், நீங்களும் வாங்களேன்" என்றான் யோனாஸ். "துடுப்ப நாங்க பாத்துக்கிறோம். நீங்க முன்னாடி அணியத்துல நின்னுக்கிட்டுப் பெரும பேசிக்கிட்டே வழி காட்டுங்க."

"எனக்கு வயசு நாப்பத்தாறுடா."

"பெரும பேச வயசெல்லாம் எதுக்கு?"

"ரெண்டு பேரும் போயிட்டா வலைய யாரு இழுக்கிறது, நானா?" என்றாள் லோவிசா. அவள் தம்பியின் பையில் மூன்றாவது முறையாகக் காலுறைகளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி மச்சான், ரஷ்யாக்காரன் வந்து, வழி காட்டுன்னு கழுத்துல கத்தி வச்சா என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? நேரா கொண்டுபோய்த் தாய்ப்பன்றி மேல குந்த வச்சுட்டு, வணக்கம் சொல்லிட்டு எறங்கி வருவேன்."

யோனாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த வீட்டு எரமியாஸ் அப்போது ஏதோ கேட்க வந்து வாசலில் நின்றிருந்தான். அவனும் சிரித்தான். அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் ஏழு வீட்டுக்கும் போய்விட்டது.

ஆகஸ்ட் மாதம், வலை எடுக்கப் போன இடத்தில் ரஷ்யப் படகொன்று கஸ்பரைச் சுற்றி வளைத்துப் பிடித்தது. வடக்கே ஒரு மொட்டைத் தீவின் ஓரத்தில் பதினான்கு பீரங்கிப் படகுகள் மறைந்து நின்றன. அவனை முதல் படகில் ஏற்றி, காவலுக்கு ஒருவனை வைத்து, பாய்த்துணிக் கூடாரத்துக்கு அடியில் உட்கார வைத்தார்கள். நான்கு நாள் அப்படியே கழிந்தது. மரியாதைக் குறைவாக யாரும் நடத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். லோடர் என்று ஒரு லெப்டினன்ட். ரேவல் நகரத்துக்காரன், இளவயது, எங்கள் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுவான். தன் புகையிலையைக் கஸ்பரோடு பங்கு போட்டுக்கொண்டான்.

அந்த நான்கு நாளும் தென்மேற்குக் காற்று அடித்தது. ஐந்தாம் நாள் விடியும்போது நின்றது. லோடர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து கஸ்பர் முன்னால் விரித்தான்.

லில்லோவின் தெற்குக் குடாவில் ஐந்து ஸ்வீடன் படகுகள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவை பீரங்கிகளைப் பெரிய கால்வாயை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தன. நேராகப் போனால் ரஷ்யர்களுக்குப் பாதிப் படகுகூட மிஞ்சாது. அந்த ஐந்தில் ஒன்றில் யோனாஸ் இருப்பது கஸ்பருக்குத் தெரியும். ஒரு வாரம் முன்புதான் லோவிசா அவனுக்குப் புளித்த பாலும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"இந்தப் பின்பக்கம் தண்ணி காட்டுது" என்று லோடர் வரைபடத்தில் விரலை வைத்தான். "இது வழியா? நம்ம படகுக்கு நாலடி வேணும்."

கஸ்பர் வரைபடத்தைப் பார்த்தான். தாய்ப்பன்றி அதில் இல்லை. குட்டிகளும் இல்லை. ஓபோவில் உட்கார்ந்து வரைந்தவனுக்கு அவை எங்கே தெரியப்போகிறது? மூன்றடித் தண்ணீரில் நாலடிப் படகு. முதல் படகு துடுப்பு வேகத்தில் ஏறும், பின்னால் வருவது அதில் மோதும், குறுகிய கால்வாயில் யாரும் திரும்ப முடியாது. சத்தம் குடாவுக்குக் கேட்கும். ஐந்து படகும் சுற்றி வந்து நிதானமாகச் சுட்டுத் தள்ளலாம். தன்னை அந்த இடத்திலேயே கொன்றுவிடுவார்கள் என்பதையும் நினைத்தான். நினைத்துப் பயந்ததைப் பின்னால் அவனே ஒப்புக்கொண்டான்.

"வழிதான்" என்றான்.

இங்கேதான் அவன் தவறினான். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதே தவறைத்தான் செய்திருப்பார்கள். தென்மேற்குக் காற்று தண்ணீரை ஏற்றும் என்பது தெரியும். காற்று நின்றால் தண்ணீர் விறுவிறுவென்று வடிந்துவிடும் என்பதும் தெரியும், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கண்டது அது. காற்று விடியலிலேயே நின்றுவிட்டது. அவன் மனதுக்குள் கணக்குப் போட்டு, அரை அடிதான் மிச்சம் இருக்கும் என்று முடிவு கட்டினான். தன் துறையில் தன் கல்லைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் அவன் ஐந்து நாளாக அந்தக் கல்லைப் பார்க்கவில்லை. மொட்டைத் தீவின் பாறைகள் அவனுக்குப் பழக்கமில்லாதவை. அன்றைக்கென்று தண்ணீர் வடியவில்லை. ஏன் வடியவில்லை என்று எனக்கும் தெரியாது.

காலை ஏழு மணிக்குப் பின்பக்கக் கால்வாயில் நுழைந்தார்கள். கஸ்பர் அணியத்தில் நின்றான், லோடர் பக்கத்தில். குட்டிகள் இருக்கும் பக்கத்தில் நுரை எதுவும் தெரியவில்லை. அதைக் கவனித்திருந்தால் போதும், தண்ணீர் அவற்றை முழுக்க மூடிவிட்டது என்று புரிந்திருக்கும். கவனிக்கவில்லை. தாய்ப்பன்றிக்கு ஐம்பது முழம் இருக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு படகின் அணியத்தில் நின்று அவன் கண்ணை மூடியது அந்த ஒரு முறைதான். கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தான். அது முடிந்தது. இன்னொரு முறை சொன்னான். அதுவும் முடிந்தது. துடுப்புகள் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தன.

கண்ணைத் திறந்தபோது கால்வாயின் மறுமுனை எதிரே இருந்தது. திரும்பிப் பார்த்தான். வாத்துக் குஞ்சுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பதிமூன்று படகுகள் தாய்ப்பன்றியின் முதுகைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தட்டவில்லை. லோடர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"கிழவா, நீ தங்கம்!" என்றான்.

குடாவில் நடந்தது கால் மணி நேரம்கூட இருக்காது. ஐந்து படகுகளும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இரண்டு முழுகின, இரண்டைப் பிடித்தார்கள், ஒன்று மட்டும் புகைக்குள் தப்பித்தது. நாற்பத்தொரு பேர் செத்தார்கள். பாதிப்பேர் சுற்றுத் தீவுக்காரர்கள், நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள். அந்தக் கால் மணி நேரத்தில் கஸ்பர் எதைப் பார்த்தான் என்பதை ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அதை அவன் சொன்ன இடத்தில் சொல்கிறேன்.

யோனாஸின் உடல் மூன்றாம் நாள் லில்லோவின் கரையிலேயே ஒதுங்கியது. லோவிசாதான் கழுவினாள். எரமியாஸ் பெட்டி செய்தான். ரஷ்யர்கள் கஸ்பரை ஒரு வாரம் கழித்து இறக்கிவிட்டபோது மண் மூடி நாலு நாள் ஆகியிருந்தது.

அவன் வீட்டுக்குள் வந்தபோது லோவிசா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லோவிசா, நான் அவங்கள கல்லு மேல ஏத்தத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"பதினாலு படகு" என்றாள் அவள். "பதினாலும் தாண்டிப் போச்சு. நாங்க மேட்டுல நின்னு பாத்தோம்."

"தண்ணி ஏறி நின்னுச்சு. எனக்குத் தெரியல."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்களுக்கா? தண்ணி ஏறுனது உங்களுக்கா தெரியல?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் கேட்டது அது ஒண்ணுதானே. கஸ்பருக்குத் தெரியாத தண்ணி இல்ல, கஸ்பர் கால் வச்ச கப்பல் கல்லுல ஏறுனதில்ல. இன்னைக்கு வந்து தெரியலங்கிறீங்க." அவள் குரல் உயரவில்லை. "துப்பாக்கிக்குப் பயந்து காட்டிக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க. மனுஷன் பயப்படறதுதான். பொறுத்துக்குவேன். பொய் மட்டும் சொல்லாதீங்க."

"பொய் இல்ல."

"அப்ப பேசாதீங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பனிக்காலத்துக்கு முன் ஓபோவிலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது, ரஷ்யப் பேரரசரின் முகம் பொறித்தது, லோடர் எழுதிய பரிந்துரையின் பேரில். கஸ்பர் அதைக் கடலில் எறியப் போனான். லோவிசா வாங்கி, சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். "சம்பாதிச்சது இல்லையா, இருக்கட்டும்" என்றாள். ஒவ்வொரு வேளையும் அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்தது.

மறுவருடம் சமாதானம் ஆயிற்று. எங்கள் தீவுகள் எல்லாம் ரஷ்யப் பேரரசருக்குப் போய்விட்டன. எல்லாரும் விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள், எரமியாஸும் எடுத்தான், பாதிரியாரும் எடுத்தார். அதனால் கஸ்பரை மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் குற்றம் என்றால் அது வேறு, அடுத்தவன் குற்றம் என்றால் அது வேறு என்றுதானே உலகம் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை லில்லோக்காரர்கள் பெரிய தீவின் கோவிலுக்கு ஒரே நீளப் படகில் போவார்கள். வீட்டுக்கு ஒரு துடுப்பு, ஒவ்வொரு துடுப்புக்கும் அதற்கென்று ஓர் இடம். போர் முடிந்த முதல் ஞாயிறு கஸ்பர் துறைக்கு வந்தபோது, அவன் இடத்தில் எரமியாஸின் மருமகன் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். லோவிசா படகில் ஏறி உட்கார்ந்தாள். அன்று முதல் கஸ்பர் தன் சின்னப் படகில் தனியாகப் பின்னால் போனான். எவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட முடிந்தாலும் நூறு முழம் இடைவெளி விட்டே போவான்.

அவன் ஏன் உண்மையை ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னால் ரஷ்யர்கள் காதுக்குப் போகும், தலை போகும். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அது சின்னது, வெளியே சொல்ல முடியாதது. ஊர் அவனைக் காட்டிக் கொடுத்தவன் என்றது. வழி தெரியாதவன் என்று ஒருவரும் சொல்லவில்லை. "பாவி, ஆனா தொழில்ல கெட்டிக்காரன்" என்று எரமியாஸ் யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்தபோது, மனதின் ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு வழிகாட்டி வேலையைச் செய்துகொண்டிருந்தான். அவன் காட்டிய வழியில் ஒரு கப்பலும் கல்லில் ஏறவில்லை.

ஒன்பதாம் வருடக் கோடையில் கடற்படையின் அளவைக் கப்பல் ஒன்று வந்தது. தலைமை அதிகாரி லோடர், இப்போது கேப்டன். உடம்பு பெருத்து, தலைமுடி கொட்டியிருந்தது. இறங்கியதும் கஸ்பரைத் தேடிக் கட்டிப்பிடித்தான், துறையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லோடர் லில்லோக்காரர்கள் ஆறு பேரைத் துடுப்புக்கு எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் சுற்றுவட்டாரத்தை அளந்தான். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்குவது, அடியை எண்ணுவது, எழுதுவது. கடைசி நாள் பின்பக்கக் கால்வாயின் வாயில் படகை நிறுத்தச் சொன்னான். எரமியாஸ் முன்துடுப்பில் இருந்தான். கஸ்பர் லோடருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

"இங்க குண்டு இறக்க வேணாம்" என்றான் லோடர் குதூகலமாக. ஒன்பது வருடத்தில் அவன் பேச்சு திருந்தியிருந்தது. "எங்க பதினாலு படகு போன எடம். மூத்த வழிகாட்டி பைபிள் மேல கைய வச்சு, வழிதான்னு சொன்னாப் போதும், படத்துல ஏத்திடலாம். அதுக்குப் பேருகூட வச்சுட்டேன். கஸ்பர் கால்வாய்! எப்படி? அடுத்த மாசம் படைவீரங்கள ஏத்திக்கிட்டு எட்டுப் படகு வருது, இந்த வழியாத்தான் அனுப்பப் போறேன். நானூறு பேர்."

சின்னப் பைபிளை எடுத்து நீட்டினான்.

கஸ்பர் வாங்கவில்லை. "இது வழி இல்லீங்க ஐயா" என்றான்.

"என்னது?"

"நடுவுல ஒரு பாற இருக்கு. மூணடித் தண்ணிதான் நிக்கும். எழுதாதீங்க."

லோடர் சிரித்தான். "நான் உன் பக்கத்துல நின்னுக்கிட்டுப் போயிருக்கேன்யா! சரி, ஒன்பது வருஷத்துல தரை ஏறியிருக்கும், மண்ணு அடிச்சிருக்கும். அப்ப வழியா இருந்துச்சு, இப்ப தூந்துபோச்சு. அப்படின்னு சத்தியம் பண்ணு, எழுதிக்கிறேன். உனக்கும் கௌரவம் போகாது."

தப்பிக்க லோடர் காட்டிய அந்த வழி அகலமாகவே இருந்தது. நானூறு பேரும் பிழைத்துப்போவார்கள், கஸ்பருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்போது அது வழியாக இருந்தது என்று பைபிள் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். முன்துடுப்பில் எரமியாஸ் கேட்டுக்கொண்டிருந்தான். யோனாஸுக்குப் பெட்டி செய்தவன் அவன்.

"அப்பவும் வழி இல்ல ஐயா."

"பதினாலு படகு போச்சே?"

"அன்னைக்கு ரெண்டடி தண்ணி ஏறியிருந்துச்சு."

"ஏறியிருந்துச்சு, நீ அது தெரிஞ்சு கூட்டிட்டுப் போன. அதத்தானே கெட்டிக்காரத்தனம்னு நான் எழுதினேன்?"

"எனக்குத் தெரியாது."

துடுப்புக்காரர்கள் ஆறு பேரும் அசையாமல் இருந்தார்கள். லோடரின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே தங்கியிருந்தது, பிறகு போனது.

"தெரியாதுன்னா..." என்று இழுத்தான். "மூணடிதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டா எங்களக் கூட்டிட்டுப் போன?"

"ஆமாங்க ஐயா. மூணரை இருக்கும்னு நெனச்சேன். தப்பாக் கணக்குப் போட்டேன்."

லோடர் கால்வாயைப் பார்த்தான். தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. அன்று தன் படகுக்கும் பாறைக்கும் நடுவே இருந்த அந்த ஓரடித் தண்ணீரை நினைத்துப் பார்த்திருப்பான்.

"என் பொகையிலையக் குடிச்சுக்கிட்டே" என்றான் கடைசியில். கோபம்கூட இல்லை, மனது விட்டுப்போன குரல். "கிழவா, போர்க்காலத்துல செஞ்சதெல்லாம் சமாதானத்தோட மன்னிச்சாச்சு. உன்னத் தூக்குல போட என்னால முடியாது. ஆனா அந்தப் பதக்கத்தக் குடுத்துடு. தண்ணி தெரியாதவனுக்கு வழிகாட்டி வேலையும் கெடையாது."

"சரிங்க ஐயா."

பதக்கத்தை அன்றே வாங்கிக்கொண்டு போனார்கள். வழிகாட்டிகள் பட்டியலில் கஸ்பரின் பேருக்குக் குறுக்கே கோடு விழுந்தது. காரணம் என்ற இடத்தில் ஆழத்தைத் தவறாகக் கணித்தவர் என்று எழுதியிருந்தது. அதன்பின் பதினொரு வருடம் உயிரோடு இருந்தான். வலை போட்டான், மீன் உப்பிட்டான், பெருமை பேசவில்லை. தாய்ப்பன்றி இன்றைக்கும் எல்லா வரைபடத்திலும் பாறை என்றே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அவன் பேர் இல்லை.

கால்வாயிலிருந்து திரும்பிய அந்த மதியம் படகு துறையில் ஒதுங்கியபோது எரமியாஸ் அவன் தோளை ஒரு நொடி பிடித்து நிறுத்தினான். அப்புறம் தன் வீட்டுக்குப் போய்விட்டான். கஸ்பர் மெதுவாக வீட்டுக்கு நடந்தான். அதற்குள் செய்தி அவனுக்கு முன்னால் போயிருந்தது. பதக்கத்தை எடுக்க வந்த மாலுமிகள் போய்விட்டிருந்தார்கள். லோவிசா மேசையில் உட்கார்ந்திருந்தாள், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"நெசமாத்தானா?" என்றாள்.

"அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. ஒன்பது வருஷமா உங்களத் துரோகின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது எனக்குச் சுலபமா இருந்துச்சு" என்றாள். "இப்ப நான் யார வெறுக்கிறது, சொல்லுங்க? தண்ணியவா?"

கஸ்பர் எதிரே உட்கார்ந்தான். அவள் அழ ஆரம்பித்தாள். தம்பியைக் கழுவியபோதுகூட அழாதவள் என்று ஊரில் சொல்வார்கள். அவன் கையை நீட்டப் போய், நீட்டலாமா என்று தெரியாமல் மேசைமேலேயே வைத்துக்கொண்டான்.

"அவனப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காக அவன் ஒன்பது வருடம் காத்திருந்தான், ஒன்பது வருடம் பயந்தும் இருந்தான்.

"பாத்தேன். நாங்க கால்வாயிலேருந்து வெளிய வந்தப்போ, கடைசிப் படகுல நின்னான். அணியத்துல நான் நிக்கிறதப் பாத்துட்டான். அந்த வழியா வெளியாள் வர முடியாது, நான் வேற நிக்கிறேன். நம்ம படகுன்னு நெனச்சுட்டான். கைய ஆட்டுனான். சுடாதீங்க, எங்க மச்சான்டான்னு மத்தவங்ககிட்டக் கத்துனான். எனக்குக் கேட்டுச்சு. அதனாலதான் அவங்க மொத குண்டு போடல."

லோவிசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க கத்தியிருக்கலாமே" என்றாள் விரல்களுக்கு இடையில். "ஓடிப்போடான்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. துப்பாக்கி வச்சிருந்தாங்களா?"

"இல்ல. யாரும் என்னப் பாக்கக்கூட இல்ல." அவன் நிறுத்தினான். இதையும் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொன்னதற்கு அர்த்தமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. "நான் கரையப் பாத்துக்கிட்டு இருந்தேன் லோவிசா. கரைப் பாறையில தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எப்படித் தப்பாப் போச்சு, எனக்கு எப்படித் தப்பாப் போச்சுன்னு. அவன் கத்துன சத்தம் கேட்டுத்தான் நிமிந்தேன். அப்புறம் வாயத் தொறக்கிறதுக்குள்ள சுட ஆரம்பிச்சுட்டாங்க."

அவள் அவனைப் பார்த்தாள். அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. மேசைப் பலகையையே பார்த்துக்கொண்டு, "ரெண்டடி ஏறியிருந்துச்சு, ரெண்டடிக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும், குட்டிங்க பக்கம் நுரையே இல்ல, அத மட்டும் நான்..." என்று தொடங்கினான்.

"தண்ணிய விடுங்க" என்றாள் லோவிசா. இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் எப்படி இருந்தான்? அதச் சொல்லுங்க."

கஸ்பர் யோசித்தான். ஞாபகப்படுத்திப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் யோசித்தான்.

"எளச்சிருந்தான். மூக்கு வெயில்ல உரிஞ்சிருந்துச்சு. முடி வெட்டாம கழுத்து வரைக்கும் கெடந்துச்சு."

"அப்புறம்?"

"சிரிச்சான்" என்றான் கஸ்பர். "என்னப் பாத்ததும், வாயெல்லாம் பல்லாச் சிரிச்சான்."